மாற்றுத்திறனாளியை வேலையில் சேர்ப்பதும் நிலைக்க வைப்பதும்: புதிதாக இறங்குபவர்களுக்கு

ஒருவருக்கு வேலை கிடைத்த அன்று லட்டு கொடுத்து, போட்டோ எடுத்து, கோப்பை மூடிவிடுவது இந்தத் துறையில் சாதாரணம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ‘அவருக்குச் சரிப்பட்டு வரலை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விசாரித்தால், வேலை தெரியாமல் நின்றவர்கள் குறைவு. வழக்கமாக வரும் பஸ்ஸின் நேரம் மாறியிருக்கும். பழகிய சூப்பர்வைசர் வேறு கிளைக்குப் போயிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் தினமும் தவித்திருப்பார். ஆகவே உங்கள் கையில் நூறு மணி நேரம் இருந்தால், வேலை தேட முப்பது போதும். மீதி எழுபதும் அவர் வேலையில் சேர்ந்த பிறகு தேவைப்படும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் கடை, குடோன், ஓட்டல், அலுவலகம் போன்ற தனியார் இடங்களுக்கு. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள இளைஞர்களை மனத்தில் வைத்தே பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது. அரசு வேலை தனிப் பாதை. அதில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு: பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடுகளுக்குத் தலா 1 சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். அந்தப் பரீட்சைக்காகப் பத்து வருடம் வீட்டிலேயே காத்திருக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. படிக்கட்டும், கூடவே வேலைக்கும் போகட்டும்.

முதலில் காகிதம்

யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை இல்லையென்றால் அதிலிருந்து தொடங்குங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகு, அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்து சதவீதம் போடுவார்கள். ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். எந்தக் கிழமை எந்த மருத்துவர் பார்ப்பார் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மனநல மருத்துவர் வராத நாளில் ஆட்டிசம் உள்ளவரைக் கூட்டிப் போய் நான்கு மணி நேரம் வரிசையில் நிற்க வைத்தால், அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட மாட்டார்.

இனிஷியல் நம் ஊருக்கே உரிய தலைவலி. ஆதாரில் ‘குமார் எஸ்’, பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். குமார்’, பாங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரையும் விரித்து ‘குமார் செல்வம்’ என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும், பி.எஃப். கணினிக்குத் தெரியாது. பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியதை வேலை தேடும் முன்பே திருத்திவிடுங்கள். சேர்ந்த பிறகு திருத்த ஓடினால் லீவு போகும், முதல் சம்பளமும் தள்ளிப்போகும்.

சம்பளக் கணக்கு அவர் பெயரில் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குக் கணக்கு திறக்கப் போனால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்றிதழ் கொண்டு வரச் சொல்லும் பாங்குகள் உண்டு. கணக்கு திறப்பதற்காக மட்டும் அதை வாங்க அவசரப்படாதீர்கள். தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தந்திருக்கிறது. மேலாளரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள். இழுத்தடிப்பார்கள் என்பதால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பதிவுகள் இரண்டு உண்டு. தமிழ்நாடு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஒன்று. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மற்றொன்று சென்னை கிண்டியில் மத்திய அரசு நடத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம். திறன் மதிப்பீடும் பயிற்சியும் அங்கே கிடைக்கும்.

பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு: வேலைக்குப் போனால் மாதாமாதம் வரும் உதவித்தொகை நின்றுவிடுமோ என்பது. ஒவ்வொரு உதவித்தொகைக்கும் விதி வேறு. அவர் எதைப் பெறுகிறாரோ அதன் விதியை நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக் காட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், சேர்ந்த இரண்டாவது வாரம் ‘பையனுக்கு உடம்பு சரியில்லை’ என்று போன் வரும்.

ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) மட்டும் உள்ளவருக்கு யு.டி.ஐ.டி. அட்டை கிடைக்காது. 2016 சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் அது தனியாக இல்லை. அதற்காக வசதி கேட்கவே கூடாது என்று ஆகிவிடாது. பரீட்சையில் தான் சொல்வதை எழுத ஓர் எழுத்தர் கேட்டு விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், இத்தகைய வசதிக்கு 40 சதவீதம் இருந்தாக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது.

ஆளைப் பார்ப்பது

‘என்ன வேலை பிடிக்கும்?’ என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று பதில் வரும். யாரோ சொல்லிக் கொடுத்த பதில் அது. மூன்று நாள், வேறு வேறு நேரத்தில், வீட்டிலும் தெருவிலும் அவரோடு இருந்து பாருங்கள். எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது? மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறாரா? கடையில் மீதிச் சில்லறை எண்ணுகிறாரா? மாத்திரை எத்தனை மணிக்கு, அதன் பிறகு தூக்கம் வருகிறதா? புது இடத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்பாரா, அடக்கிக்கொண்டே இருப்பாரா? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுவார்கள். வேலை போகும் காரணங்களில் அது முன்வரிசையில் நிற்கும்.

அம்மா சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அப்படியே நம்பாதீர்கள். ‘அவனுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று சொல்லப்பட்டவர் கேபிள் பெட்டியைக் கழற்றி மாட்டுவார். ‘எல்லாம் பண்ணுவான்’ என்று சொல்லப்பட்டவருக்கு அம்மாதான் இன்னமும் சட்டைப் பித்தான் போட்டுவிடுவார்.

முதலாளியிடம் போவது

‘ஆட்கள் தேவை’ பலகையைத் தேடாதீர்கள். எங்கே வேலை தேங்குகிறது என்று பாருங்கள். பில் போடுபவரே எழுந்து போய் பாக்கெட் அடுக்குகிறாரா? கணக்கர் மேஜையில் ஸ்கேன் செய்யாத கோப்புகள் குவிந்திருக்கின்றனவா? அந்தத் தேக்கத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து ஒரு வேலையாக ஆக்கச் சொல்வதுதான் உங்கள் கோரிக்கை. கடை ஓய்ந்திருக்கும் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். சனிக்கிழமை மாலை போனால் முதலாளி உங்களைச் சீக்கிரம் அனுப்புவதற்காகவே ‘பார்க்கலாம்’ என்பார்.

‘ஒரு உதவி செய்யணும்’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். உதவியாகக் கொடுத்த வேலை, வியாபாரம் மந்தமானால் முதலில் போகும் வேலை. ‘உங்க பேக்கிங் ஆள் தினமும் ரெண்டு மணி நேரம் கவுண்டருக்குப் போயிடறார். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர் இருக்கார், மூணு நாள் செஞ்சு பாக்கட்டும்’ என்று தொடங்குங்கள். நேர்காணலைக் கேட்காமல் வேலை பார்த்துக் காட்டும் நாட்களைக் கேளுங்கள். பேச்சில் தடுமாறுபவர் கையில் தடுமாற மாட்டார். அந்த மூன்று நாளுக்கும் கூலி உண்டு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பாகுபாடு காட்டக் கூடாது, வசதி செய்து தர வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் நேரடியாகக் கட்டுகிறது. தனியாருக்குப் பொருந்துவது 21-ஆவது பிரிவின் சமவாய்ப்புக் கொள்கை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் வசதிகள், ஏற்ற பணிகள், தேர்வு முறை, தொடர்பு அலுவலர் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்குப் போகும்போது அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பேசுங்கள். சின்னக் கடையில் சட்டத்தைக் காட்டி எதையும் சாதிக்க முடியாது. இன்னொரு தகவல் எச்.ஆருக்குப் பயன்படும்: ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் சேரச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000.

குறைபாட்டின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வேலைக்குப் போகிறவர். எப்படியானாலும் பெயரைவிடத் தேவையைச் சொல்வது பலன் தரும். ‘ஆட்டிசம்’ என்றால் சினிமாவில் பார்த்தது ஞாபகம் வரும். ‘ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், இரண்டாவதை எழுதிக் கொடுங்கள், தோளில் தட்டாதீர்கள்’ என்று ஒரே பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் சூப்பர்வைசர் அதைப் பையில் வைத்துக்கொள்வார்.

அரைக் கிலோ துவரம் பருப்பு

வேலையைப் படிகளாகப் பிரிப்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். பலசரக்கு அங்காடியின் பின்னறையில் அரைக் கிலோ பாக்கெட் போடும் வேலை. கேட்டால் ‘எடை போட்டு ஒட்டணும், அவ்வளவுதான்’ என்பார்கள். நீங்களே ஒரு மணி நேரம் நின்று செய்து பார்த்து எழுதினால் இப்படி வரும்:

1. தராசை ஆன் செய்து 0.000 வரும்வரை காத்திருக்க வேண்டும்.
2. கிண்ணத்தோடு காலிக் கவரைத் தட்டில் வைக்க வேண்டும்.
3. டேர் பட்டனை (தட்டில் இருப்பதன் எடையைக் கழித்துத் திரையை 0.000 ஆக்குவது) ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும்.
4. பெரிய குவளையில் பருப்பைத் தலைதட்டி அள்ளிக் கவரில் போட வேண்டும்.
5. சின்னக் கரண்டியால் 0.500 வரும்வரை சேர்க்க வேண்டும்.
6. கவரை எடுத்து மேஜையில் இரண்டு தட்டு தட்டிப் பருப்பை இறக்க வேண்டும்.
7. கவர் வாயை உள்பக்கம் துடைத்து, சுருக்கமில்லாமல் சீலரில் வைத்து அழுத்த வேண்டும்.
8. லேபிள் ஒட்டித் தட்டில் வைக்க வேண்டும்.

தவறு மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது படிகளில்தான் வரும். டேர் அழுத்த மறந்தால் கிண்ணத்தின் எடையும் கணக்கில் சேர்ந்து பாக்கெட்டில் பருப்பு குறையும். எடை குறைந்த பாக்கெட்டுக்கு அபராதம் கட்டப் போவது முதலாளி, அதனால் ஒரு தடவை நடந்தாலே நம்பிக்கை போய்விடும். பருப்பு போட்ட பிறகு இன்னொரு முறை டேர் அழுத்தினால் திரை மறுபடி 0.000 காட்டும், பாக்கெட்டில் ஒரு கிலோ ஏறிவிடும். டேர் பட்டனில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதே சிவப்பில் ஒரு வட்டத்தைக் கிண்ணம் வைக்கும் இடத்தில் ஒட்டி, ‘வட்டத்தில் வை, சிவப்பை அழுத்து, குவளையை எடு’ என்று மூன்றையும் ஒரே ஓட்டமாகப் பழக்குங்கள்.

ஐந்தாவது படியில் வேறு மாதிரிச் சிக்கல். ‘ஐநூறு’ என்று சொல்லிக் கொடுத்தால் ஆட்டிசம் உள்ள சிலர் 0.500 வரும்வரை ஒவ்வொரு பருப்பாகப் போட்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பாக்கெட்டுக்கு நாலு நிமிடம் ஆகும், மெதுவான ஆள் என்று பெயர் வந்துவிடும். அவர் கேட்ட சொல்லுக்கு உண்மையாக இருக்கிறார். சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு. ‘0.500 முதல் 0.504 வரை சரி’ என்று தராசுத் திரையின் கீழே ஒட்டுங்கள். எல்லை மேல்பக்கம் மட்டும்தான், 0.499 கூடாது. முதலாளியிடம் கேட்டுத்தான் இந்த எண்ணைப் போட வேண்டும், அந்த நாலு கிராம் அவருடைய பணம்.

குவளையைத் தயார் செய்தால் வேகம் தானே வரும். பிளாஸ்டிக் மக் ஒன்றை, தலைதட்டினால் 480 கிராம் துவரம் பருப்பு பிடிக்கும் அளவுக்கு விளிம்பை வெட்டி அரத்தால் தேயுங்கள். பிறகு சின்னக் கரண்டியில் ஒன்றிரண்டு போட்டால் முடிந்தது. உளுந்துக்கும் கடலைக்கும் கனம் வேறு, குவளையும் வேறு. நிறம் மாற்றி வையுங்கள். எண்ணிக்கை வராதவருக்கு 20 குழியுள்ள தட்டு போதும். குழி நிறைந்தால் இருபது.

ஏழாவது படியில் கவர் வாயில் ஒரு பருப்போ தூளோ ஒட்டியிருந்தால் சீல் பிடிக்காது, அலமாரியில் பிரிந்து கொட்டும். உலர்ந்த துணியைச் சீலருக்கு இடப்பக்கம் ஓர் ஆணியில் மாட்டுங்கள். கண்ணில் பட்டால்தான் கை துடைக்கப் போகும்.

வேகத்தைப் பற்றி முதல் வாரம் வாய் திறக்காதீர்கள். ஏற்கெனவே இந்த வேலை செய்பவர் ஒரு மணி நேரத்தில் உண்மையில் எத்தனை போடுகிறார் என்று மட்டும் எண்ணிக் குறித்து வையுங்கள். முதலாளி மனத்தில் இருக்கும் எண் அதைவிடப் பெரிதாக இருக்கும். பின்னால் பேச்சு வரும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

முதல் 90 நாள்

ஒவ்வொரு படிக்கும் தினமும் ஓர் எழுத்து போடுங்கள்: தானே செய்தால் ‘தா’, கை காட்டியதும் செய்தால் ‘கா’, சொன்னதும் செய்தால் ‘சொ’, கை பிடித்துச் செய்ய வைத்தால் ‘பி’. டேர் படிக்குத் திங்கள் முதல் வியாழன் வரை சொ, சொ, சொ, சொ என்று வந்தால் அவருக்குப் புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் ‘அழுத்துங்க’ என்ற குரலே அவருக்கு ஒரு படியாகிவிட்டது. நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கிறார். வாயால் சொல்லும் உதவிதான் விலக்குவதற்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். புதியவர்கள் அதைத்தான் அள்ளி இறைப்பார்கள். பக்கவாட்டில் நிற்காமல் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்போதும் செய்யவில்லை என்றால் ஸ்டிக்கரைக் கையால் காட்டுங்கள்.

தொடர்ந்து மூன்று நாள் ‘தா’ வந்த படியிலிருந்து விலகிவிடுங்கள். தோராயமாக, முதல் இரண்டு வாரம் முழு ஷிஃப்ட், அடுத்த இரண்டு வாரம் பாதி, இரண்டாம் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்றாம் மாதம் ஒரு நாள், பிறகு மாதம் ஒரு தடவை. ஆனால் காலண்டரைப் பார்த்து விலகாதீர்கள், தாளைப் பார்த்து விலகுங்கள்.

நீங்கள் விலகும் இடத்தில் அங்கேயே இருப்பவர் ஒருவர் வந்தாக வேண்டும். சூப்பர்வைசரை நம்பாதீர்கள், அவர் மாறிப்போவார். முதல் நாளே ‘டீ குடிச்சீங்களா’ என்று தானாக வந்து கேட்ட அக்காவைக் கவனித்து வையுங்கள், அவர்தான் உங்கள் ஆள். அவர் லீவு போடும் நாளுக்கு இன்னொருவரையும் பழக்குங்கள். யாராவது உங்களிடம் ‘இவன் சாப்பிட்டானா?’ என்று கேட்டால் பதில் சொல்லாமல் நீங்கள் வேலையில் சேர்த்தவர் பக்கம் திரும்புங்கள். முப்பது வயது ஆளை எல்லோரும் ‘வா, போ’ என்று அழைக்கும் இடத்தில் வேலையும் அந்த அளவுக்குத்தான் கொடுப்பார்கள். வந்த முதல் நாளே நீங்கள் அவரை ‘வாங்க’ என்று கூப்பிட்டால் பாதிப் பேர் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

பஸ் பயிற்சியை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் டிக்கெட் கிடையாது. அதனால் அந்த வெள்ளை போர்டு பஸ்ஸில் மட்டும் ஏறப் பழக்குவார்கள். அது வராத நாளில் அவர் பத்து மணிவரை நிறுத்தத்திலேயே நிற்பார். ‘மணி 8.20 ஆகியும் வரலைன்னா, சட்டைப் பையிலுள்ள 20 ரூபாயை எடுத்து அடுத்த பஸ்’ என்பதையும் சேர்த்தே பழக்குங்கள். ஒருமுறை வேண்டுமென்றே வெள்ளை போர்டு பஸ்ஸைத் தவறவிட்டு, தூரத்திலிருந்து பாருங்கள்.

மற்றவர்களுக்குத் தேவையானது

பார்வையற்றவர் அலுவலக வேலைக்குப் போனால் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரை வாசிப்பு மென்பொருள் போதும். தடை வேறு இடத்தில் வரும்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்பை அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். ஸ்கேன் செய்த படத்தை நேரடியாக வாசிக்காது. யுனிகோடில் தருவதற்கு அலுவலகம் ஒப்புக்கொள்ளாமல் சேர்க்காதீர்கள்.

காது கேளாதவரிடம் ‘எழுதிக் காட்டினால் போதும்’ என்று நினைக்காதீர்கள். சைகை மொழியே தாய்மொழியாக வளர்ந்தவருக்கு நீண்ட தமிழ் வாக்கியம் இரண்டாம் மொழிதான். படமும் சின்னச் சொற்களும் போதும், முக்கியமான கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தீ எச்சரிக்கை மணியோடு விளக்கும் மின்ன வேண்டும், கழிப்பறைக்குள்ளும்.

சக்கர நாற்காலி என்றால் வாய்ப்பேச்சை நம்பாமல் டேப் எடுத்துப் போங்கள். கதவு 90 செ.மீ., சாய்தளம் ஒரு அடி ஏற்றத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். ‘ராம்ப் இருக்கு’ என்று சொல்லும் இடத்தில் பைக் ஏற்றும் சிமெண்ட் சரிவு இருக்கும்.

வலிப்பு உள்ளவரை உயரத்திலும் கொதிக்கும் எண்ணெய் அருகிலும் நிறுத்தக் கூடாது. உடன் வேலை செய்பவர்களிடம் முன்பே சொல்லுங்கள்: கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

ஏ.டி.ஹெச்.டி.யோ ஆட்டிசமோ உள்ள அலுவலகப் பணியாளருக்கு ‘சீக்கிரம் முடிச்சிடுங்க’ என்பது கட்டளையே ஆகாது. ‘வியாழன் மாலை 4 மணிக்குள், முதல் இரண்டு பக்கம்’ என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். செலவே இல்லாத வசதி இது, செய்ய வைப்பதுதான் சிரமம்.

பிறகு வரும் சிக்கல்கள்

ஆறு மாதம் நன்றாகப் போன வேலை திடீரென்று ஆடும். அலமாரியை இடம் மாற்றியிருப்பார்கள். தீபாவளிக் கூட்டத்தில் பின்னறை ஆளைக் கவுண்டருக்கு இழுத்திருப்பார்கள். நல்லவர் என்று பெயரெடுத்ததால், கேட்காமலே புது வேலை ஒன்றைத் தலையில் கட்டியிருப்பார்கள். சேர்க்கும்போதே முதலாளியிடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: இடம், நேரம், மேலாள், வேலை இந்த நான்கில் எது மாறினாலும் ஒரு வாரம் முன்பு உங்களுக்கு ஒரு போன். போன் வந்தால் இரண்டு நாள் போய் நில்லுங்கள், பழைய தாளில் புதுப் படிகளை எழுதுங்கள்.

கைமாற்று கேட்பது வெளியே வராத சிக்கல். ‘நண்பா’ என்று அழைத்து நூறு நூறாக வாங்கிப் போவார்கள், அவருக்கு அது நட்பாகவே தெரியும். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். வீட்டிலும் இதே கதை நடக்கும். சம்பளம் முழுவதையும் அப்பா வாங்கிக்கொண்டால் நாலாவது மாதம் வேலைக்குப் போகக் காரணம் இருக்காது. அவர் இஷ்டத்துக்குச் செலவழிக்க ஒரு தொகையைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பணத்தில் வாரம் நாலு பரோட்டா சாப்பிட்டால் அது அவர் விருப்பம்.

அம்மா ஒரு நாளைக்கு ஆறு முறை போன் செய்வதை மதிய இடைவேளைக்கு ஒன்றாகக் குறையுங்கள். லீவு சொல்ல வேண்டியவர் வேலைக்குப் போகிறவர்தான், சொல்லும் வாக்கியத்தைப் பழக்குங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாராக ஒரு செய்தியை வைத்துக்கொடுங்கள்.

அவர் வேலையை விட விரும்பினால் விடலாம். எல்லோரும் முதல் வேலையில் ஓய்வு பெறுவதில்லை. முதலாளியிடம் முறையாக எழுதிக் கொடுத்து, பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் வாங்குங்கள். பி.எஃப். எண், படித்தாள்கள், ‘தா’, ‘கா’ போட்ட பதிவுகள், குவளையின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அவர் கையில் கொடுங்கள். அடுத்த கடையில் மறுபடி டேர் பட்டனிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.